அந்த ஜன்னலை யார் திறந்தது?

போன வாரம் நம் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான். "மேடம், ஒரு வீட்டு கம்ப்யூட்டர்ல பிரௌசரை ஏதோ புடிச்சுக்கிச்சு. எதைத் தேடினாலும் வேற எங்கேயோ கொண்டுபோய் விடுது. கண்ட கண்ட விளம்பரம் வருது. சுத்தம் பண்ணிட்டு வந்தா மறுபடியும் அதேதான். யூசர் சரியில்லை." அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாக சிரிக்கிற முகம் போட்டிருந்தீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. ரிடையர் ஆனவளுக்கு என்ன கோபம், பேரனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குப் பேரன் இல்லை, சும்மா இருக்கவும் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன். எப்படிச் சுத்தம் செய்வது, எதை எங்கே அழிப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப் போவதில்லை. "யூசர் சரியில்லை" என்ற அந்த இரண்டு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த இரண்டு சொல்லால் ஒரு பெண்ணுடைய பேர் கெடப் பார்த்தது.

நான் வேலை பார்த்த கடை மைசூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால், குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. கீழே பூக்கடை. கோடையில் மல்லிகை வாசமும் சால்டரிங் புகையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் கல்யாண வீட்டில் மல்லிகையைத் தலையில் வைத்தால் எனக்கு உடனே பழைய மதர்போர்டு ஞாபகம் வருகிறது, என்ன செய்ய. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்து இறங்கி, அந்தப் படியில் ஏறும்போது எனக்கு இருந்த சந்தோஷம் வேறு எந்த வாசலிலும் வந்ததில்லை. அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்படுகிறேன்.

கடை முதலாளியை நாங்கள் "சார்" என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் சார் என்றே இருக்கட்டும். சேலம் பக்கத்துக்காரர். இளவயதில் மைசூருக்கு வந்து, கன்னடத்தைத் தெருவிலும் மார்க்கெட்டிலும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவர். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. வாடிக்கையாளர்களிடம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை பேச மாட்டார். "புரியாத பேரைச் சொல்லி மனுசனைப் பயமுறுத்தக் கூடாது செல்வி" என்பார் என்னிடம். மௌஸை "இலி" என்பார், கன்னடத்தில் எலிக்கு அதுதான் பேர். ஆன்டிவைரஸை "காவலு" என்பார். திரையில் திடீரென்று எட்டிப் பார்க்கிற பாப்-அப் அவருக்கு "சிக்க கிடகி", அதாவது சின்ன ஜன்னல். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஆனால் வாடிக்கையாளர்கள் அவரையேதான் போனில் கேட்பார்கள். அவர் சொன்னால் பயம் போய்விடும்.

ஒன்று மட்டும் உண்டு. சார் தமிழில் யோசித்துக் கன்னடத்தில் சொல்லுவார். பாதி நேரம் அது சரியாகவே இருக்கும்.

ஒரு ஏப்ரல் மாதம். ஊர் விளிம்பில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு லேஅவுட்டில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று எங்கள் பராமரிப்பில் இருந்தது. அட்மிஷன் நேரம். அலுவலகத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டரின் பிரௌசரை இந்த மாதிரி ஒன்று பிடித்துக்கொண்டது. எங்கள் கடை இன்ஜினியர் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடியும் போனார், மறுபடியும் வந்தது. கடைசியில் தம் குழந்தைக்கு சீட் கேட்டு வந்த ஒரு குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, திரையில் பார்க்கக் கூசுகிற படம் ஒன்று பெரிதாக விரிந்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் உட்காருகிறவள் ஒருத்திதான். பேர் ரேணுகா. இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இருக்கும். எங்கள் இன்ஜினியர் திரும்பி வந்து, "மெஷின்ல ஒண்ணுமில்ல மேடம், அந்தப் பொண்ணு எதையோ பாக்குது" என்றார். இதையே அங்கேயும் யார் காதிலோ போட்டுவிட்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பேச்சு எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே பள்ளியின் செக்ரட்டரி சாரைக் கூப்பிட்டு, "பெண் விஷயம், ஒரு லேடி இன்ஜினியரை அனுப்புங்க. அவள்தான் செய்கிறாள் என்று தெரிந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். அங்கே அனுப்ப இருந்த ஒரே லேடி நான்தான்.

போனேன். ரேணுகா எழுந்து நின்று நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் உட்காரவில்லை. "நீ உக்காரும்மா. தினமும் காலையில வந்து என்ன செய்வியோ அதை அப்படியே செய், நான் சும்மா பாக்கறேன்" என்று கன்னடத்தில் சொன்னேன். இது என் பழக்கம். நோயாளியை நடக்கச் சொல்லிப் பார்க்கிற வைத்தியர் மாதிரி. நாம் கீபோர்டைத் தொட்ட உடனே உண்மையான காரணம் ஒளிந்துகொள்ளும்.

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். மெயிலைப் பார்த்தாள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. "உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து, திறந்து பார்க்கவும்" என்கிற வழக்கமான புளுகு. அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நேராகப் போய் "ஓப்பன்" என்று இருந்த இடத்தில் அமுக்கினாள். அது கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று கொடுத்துக்கொண்டே போனாள். எனக்குத் தலை சுற்றியது. ஒளிவு மறைவே இல்லை. கோயிலில் விளக்கேற்றுகிற பக்தியோடு செய்தாள்.

அதற்குள் செக்ரட்டரி உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கு நிற்க நேரமில்லை. "பாத்தீங்களா மேடம்? ஒரே வார்த்தை சொல்லுங்க. அவளா, இல்லையா?"

தம்பி தங்கைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். என் கண் முன்னால் அவள்தான் அமுக்கினாள். "அவள்தான்" என்று சொன்னால் அது உண்மை. தொழில்நுட்பப்படி நூற்றுக்கு நூறு சரி. அந்த உண்மையைச் சொல்லிவிட்டு நான் மத்தியான பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் கள்ளத்தனம் செய்கிறவள், பார்க்க வந்தவள் முன்னாலேயே இப்படிச் செய்வாளா? எனக்கு அது இடித்தது. "கொஞ்சம் நேரம் கொடுங்க சார்" என்றேன். அவர் மனமில்லாமல் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார்.

ரேணுகா வராந்தாவுக்குப் போய் போனில் பேசுவது கேட்டது. தமிழ்.

"அம்மா, நான் ஒண்ணுமே பண்ணலம்மா. சும்னே என் பேரைச் சொல்றாங்க. கெலசம் போனா போகட்டும்மா, வேற பாத்துக்கலாம். ஆனா எதுக்குப் போச்சுன்னு அப்பாகிட்ட எப்படிம்மா சொல்றது?"

வேலை போவது ஒரு கஷ்டம். இந்தக் காரணத்துக்காகப் போனது என்று ஒரு பெண் தன் அப்பாவிடம் சொல்வது வேறு கஷ்டம். பின்னால் தெரிந்தது, அவள் அப்பா கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிக்கிறவர், தர்மபுரி பக்கத்திலிருந்து வந்தவர். அந்த வீட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் இவள். சுற்றியிருக்கிற எல்லோரிடமும் அவர் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

அவள் திரும்பி வந்ததும் நான் தமிழில் கேட்டேன். "ஏங்கண்ணு, நீ தமிழா? சொல்லவே இல்லையே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் சொல்லலியே மேடம்" என்றாள்.

"சரி, அந்தப் பெட்டி வந்தா அதை எதுக்குத் தொறக்கறே?"

"உங்க சார்தான் தொறக்கச் சொன்னாரு."

"எங்க சாரா?"

"ஆமா மேடம். முதல் தடவை ரிப்பேர் ஆனப்ப போன் பண்ணி சொன்னாரு. சின்ன ஜன்னல் வந்தா தொறந்துடுங்கன்னு. அது நீங்க போட்ட மருந்துன்னு நெனச்சு நான் ஒரு நாள் கூட விடாம தொறக்கறேன்."

"எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பாரு."

"இல்ல மேடம். சத்தியமா தொறக்கத்தான் சொன்னாரு."

இவள் பொய் சொல்கிறாளா, சாருக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று எனக்குப் புரியவில்லை. சார் ஆயிரம் பேரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பாப்-அப் வந்தால் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் ஏப்ரல் புழுக்கம் அறைக்குள் இறங்கியது. செக்ரட்டரி பேப்பரால் விசிறிக்கொண்டே வராந்தாவில் இருந்த அட்டெண்டரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "கிடகி தெகியப்பா!"

அட்டெண்டர் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

நான் அப்படியே நின்றேன். கர்நாடகத்துக் கௌதள்ளியில் பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, இத்தனை வருஷம் மைசூரில் காலம் தள்ளிய எனக்கு அந்த நிமிஷம்வரை அது உறைக்கவில்லை. சார் பேசுவதைத் தமிழ்க் காதால் கேட்டுக் கேட்டே பழகிவிட்டேன் போலிருக்கிறது.

கன்னடத்தில் "தெகெ" என்றால் எடு என்றும் அர்த்தம், திற என்றும் அர்த்தம். சட்டையைத் தெகெ என்றால் கழற்று. பல்லைத் தெகெ என்றால் பிடுங்கு. ஆனால் கதவு, கடை, புத்தகம், ஜன்னல் என்று வந்துவிட்டால் தெகெ என்பது திற மட்டும்தான், அங்கே இரண்டாவது பேச்சே கிடையாது. சார் மனதில் "ஜன்னல் வந்தா எடுத்துடுங்க" என்று தமிழில் நினைத்து, அதை அப்படியே கன்னடமாக்கி "கிடகி பந்த்ரெ தெகெதுபிடி" என்று சொல்லியிருக்கிறார். கன்னடத்திலேயே படித்து வளர்ந்த இந்தப் பெண் அதைச் சரியான கன்னடமாகவே கேட்டிருக்கிறாள். ஜன்னல் வந்தால் திறந்துவிடுங்கள். இரண்டு தமிழர்கள், ஒருவரை ஒருவர் தெரியாமல், மரியாதைக்குக் கன்னடம் பேசியதில் வந்த வினை இது.

அப்படியானால் மற்ற வாடிக்கையாளர்கள் ஏன் திறக்கவில்லை? பலர் பயந்தோ சலித்தோ எதையும் தொடாமல் விட்டிருப்பார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தவள் இவள். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

சாருக்குப் போன் போட்டு, "உடனே வாங்க" என்றேன். ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அதற்குள் கரண்ட் வந்துவிட, ரேணுகாவையே உட்கார வைத்து, அந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். மாதிரி வினாத்தாள் இலவசமாகத் தருகிறோம் என்ற ஒரு இணையப் பக்கம், "உங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாமா" என்று எப்போதோ கேட்டிருக்கிறது. வினாத்தாள் எடுக்க வந்து உட்கார்ந்த யாரோ டீச்சர் அவசரத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார். எங்கள் இன்ஜினியர் உள்ளே புகுந்ததைத் துரத்தினாரே தவிர, இந்தச் சம்மதத்தைப் பார்க்கவே இல்லை. ரேணுகா தன் கையாலேயே அதை ரத்து செய்தாள். இனி யார் என்ன கேட்டாலும் எங்கே "வேண்டாம்" என்று சொல்வது என்று காட்டிக் கொடுத்தேன். ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள்.

வாசலிலேயே சாரை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"என் கன்னடத்துல தப்பா? செல்வி, நான் இந்த ஊருக்கு வந்தப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்தே. தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காலையில வந்ததும் நம்ம கடையைத் திறக்கறதுக்கு, சாவி வச்சிருக்கற கீழ் பூக்கடைக்காரர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அங்கடி தெகியப்பான்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார்.

உள்ளே வந்து ரேணுகாவைப் பார்த்தார். "ஏம்மா, நீ தமிழ்ப் பொண்ணா? ஒரு வார்த்தை தமிழ்ல கேட்டிருக்கலாமே."

"நீங்க அவ்ளோ நல்லா கன்னடம் பேசினீங்க சார், நான் கன்னடக்காரர்னே நெனச்சேன்" என்றாள்.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்தப் பாராட்டை சார் ஒரு மாதம் கடையில் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். அன்றைக்கு அவர் நேராக செக்ரட்டரி மேஜைக்கு நடந்தார்.

செக்ரட்டரிக்கு நான் விளக்கினேன். அவருக்குப் புரிந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் உடனே முகம் மாறியது. "எனக்குப் புரியுது மேடம். ஆனா ஸ்டாஃப் ரூம் முழுக்க இதே பேச்சு. பேரன்ட்ஸ் வரைக்கும் போயிருக்கு. நான் ஒவ்வொருத்தருக்கும் கன்னட இலக்கணம் சொல்லிட்டிருக்க முடியுமா? இவளை வச்சிருந்தா என்னைக் கேப்பாங்க."

நான் சார் காதில், "வைரஸ் வந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு சொல்லிடலாம் சார்" என்றேன். நம் தொழிலில் அது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பதில். எனக்கும் அந்தப் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகக் கூடாது என்று இருந்தது. அதே நிர்வாகத்துக்கு ஊரில் இன்னும் சில பள்ளிகள் உண்டு, எல்லாமே எங்களிடம்தான்.

சார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "வைரஸ்னு சொன்னா, எப்படி வந்துச்சும்பாங்க. அந்தப் பொண்ணு உக்கார்ற கம்ப்யூட்டர்லதானே வந்துச்சும்பாங்க. பழையபடி அங்கேயேதான் வந்து நிக்கும்."

இப்போதும் போனில் யாருக்காவது வழி சொல்லும்போது நான் கடைசியில் ஒன்று கேட்பேன். "நான் சொன்னதை உங்க வார்த்தையில ஒரு தடவை திரும்பச் சொல்லுங்க." அன்றைக்குப் பிறகு எங்கள் கடையில் எல்லோருக்கும் வந்த பழக்கம் அது. நீங்களும் செய்து பாருங்கள். அவர்கள் திரும்பச் சொல்வதைக் கேட்டால் சில சமயம் சிரிப்பு வரும், சில சமயம் உயிரே போகும். நோய் திரும்ப வருகிற வழிகளில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் தம்பியிடமும் கேட்கிறேன். அந்த வீட்டுக்காரரிடம் நீ கடைசியாக என்ன சொல்லிவிட்டு வந்தாய்? அவர் காதில் அது என்னவாக விழுந்தது?

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மத்தியான மணி அடித்து, டீச்சர்கள் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம். சார் செக்ரட்டரியிடம் அனுமதி கேட்டுவிட்டு நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனார். நானும் ரேணுகாவும் பின்னால் போனோம். அவள் வாசலுக்கு வெளியே சுவரை ஒட்டி நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை.

சார் நடுவில் நின்று, தன் கன்னடத்தில், தன் கதையைத் தானே சொன்னார். இலியிலிருந்து ஆரம்பித்தார். காவலு வந்தது. சிக்க கிடகி வந்தது. "தெகெதுபிடி" என்று தான் போனில் சொன்னதை, அதே குரலில், அதே பெருமையோடு நடித்துக் காட்டினார். முதலில் ஒரு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தவர் அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. ஒருத்தர் அவருடைய ஒரு வினைச்சொல்லைத் திருத்தினார், மறுபடியும் சிரிப்பு. எந்தக் கன்னடத்தை வைத்து இந்த ஊரில் நிமிர்ந்து நடந்தாரோ, அதை அவர் அத்தனை பேருக்கும் நடுவே போட்டு உடைத்தார். எனக்குப் பார்க்கவே முடியவில்லை. அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மூத்த டீச்சர் ஒருத்தர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, விஷயத்துக்கு வந்தார். அவர்தான் அந்தப் பேச்சை முதலில் பரப்பியவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

"அதெல்லாம் சரி சார். அந்தக் கண்றாவியை இங்கே திறந்துவிட்டது கடைசியில் யார்?"

வாசலுக்கு வெளியே ரேணுகா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. சார் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நானே" என்றார்.

கன்னடத்திலும் அது நானேதான், தமிழிலும் நானேதான். அந்த அறையில் யாரும் அதைத் திருத்தவில்லை.